குளியலறையில் ஓர் இருட்டறை: விவியன் மையரும் கழுவாமல் விட்ட பிலிம்களும்

2007இல் சிகாகோவில் ஒரு சேமிப்புக் கிடங்கின் வாடகை கட்டப்படாமல் நின்றதால், உள்ளே இருந்த பெட்டிகள் ஏலத்துக்கு வந்தன. தன் பேட்டையின் வரலாற்றை எழுதுவதற்காகப் பழைய படங்கள் தேடிக்கொண்டிருந்த ஜான் மலூஃப் என்ற இளைஞர் சுமார் 400 டாலருக்கு ஒரு பெரிய பெட்டியை எடுத்தார். அதில் ஏறத்தாழ 30,000 நெகட்டிவ்கள் இருந்தன. மற்ற பெட்டிகள் வேறு சிலரிடம் போயின. படங்களை எடுத்தவர் விவியன் மையர். 1926இல் நியூயார்க்கில் பிறந்தவர். வாழ்க்கையின் பெரும்பகுதியைப் பிறர் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாவாகக் கழித்தவர். ஏலம் நடந்தபோது அவர் உயிரோடு இருந்தார். 2008 நவம்பரில் பனியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு, 2009 ஏப்ரல் 21 அன்று இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில் மலூஃப் சில படங்களை இணையத்தில் போட்ட பிறகுதான் உலகம் அவரைக் கவனித்தது.

பிறகு மலூஃப் மற்ற பெட்டிகளில் பெரும்பாலானவற்றையும் தேடி வாங்கினார். மொத்தம் 1,00,000 முதல் 1,50,000 வரை நெகட்டிவ்கள், மையர் காலத்திலேயே போட்ட 3,000க்கும் மேற்பட்ட பிரிண்ட்கள், திரைச்சுருள்கள், ஒலிநாடாக்கள். இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: படம் எடுத்து முடித்து, கழுவாமலே விட்ட பிலிம்கள். கறுப்பு வெள்ளையில் ஏறத்தாழ 2,000 ரோல். கலரில் ஏறத்தாழ 700.

"யாருக்கும் காட்டாமல் ரகசியமாகப் படமெடுத்த ஆயா" என்றுதான் இந்தக் கதை பெரும்பாலும் சொல்லப்படுகிறது. வீட்டில் பிலிம் கழுவுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த 2,700 ரோல்தான் இந்தக் கதையின் நடு. பல்லாயிரம் நெகட்டிவ்களைத் தன் கையாலேயே கழுவிய ஒருவர் ஏன் ஒரு கட்டத்தில் நிறுத்தினார்? அவருடைய குணத்தில் விடை தேடுவதற்கு முன்னால், அவர் குடியிருந்த வீடுகளைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஹைலண்ட் பார்க் வீடு

மையரின் அம்மா பிரெஞ்சுக்காரர். சிறுவயதில் சில ஆண்டுகள் மையர் பிரான்ஸின் ஆல்ப்ஸ் பகுதியில், ஷாம்ஸோர் பள்ளத்தாக்கில் வளர்ந்தார். 1951இல் நியூயார்க் திரும்பினார். அடுத்த ஆண்டு ரோலைஃப்ளெக்ஸ் கேமரா கைக்கு வந்தது. 1956இல் சிகாகோ பக்கம் போனார். மிச்சிகன் ஏரிக்கரையில், நகரத்துக்கு வடக்கே உள்ள ஹைலண்ட் பார்க் என்ற வசதியான புறநகரில் கென்ஸ்பர்க் குடும்பத்தில் மூன்று பையன்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டில் அவருக்குத் தனி அறை, தனிக் குளியலறை. அந்தக் குளியலறையே அவருடைய இருட்டறை ஆனது.

அங்கே பத்தாண்டுக்கு மேல் இருந்தார். நடுவில் 1959-60இல் உலகப் பயணம் ஒன்று போனார். மணிலா, பாங்காக், இந்தியா, எகிப்து, இத்தாலி என்று சுற்றிவிட்டுத் திரும்ப வந்ததும் அதே வீட்டுக்குத்தான். மாதக்கணக்கில் எடுத்த படங்களோடு வருகிறவருக்கு ஒரு கதவு, ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தொட்டி காத்திருந்தன. படக்காரர் ஒருவருக்கு அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்பது சொந்தக் குளியலறை இல்லாதவருக்குத்தான் புரியும்.

குளியலறை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பிலிம் கழுவுவதற்கு வேண்டியவை எல்லாம் அங்கே ஏற்கனவே இருக்கின்றன. தண்ணீர் வரும், தண்ணீர் போகும், கீழே சிந்தினால் துடைத்துவிடலாம், ஜன்னல் சின்னது. கதவுக்கு அடியில் ஒரு துண்டைத் திணித்தால் வெளிச்சம் நின்றுவிடும். குளித்து முடித்த ஈரத்தில் தூசி பறக்காது என்பதால் பிலிம் காயப்போடுவதற்கும் அதைவிட நல்ல இடம் வீட்டில் கிடையாது.

ரோலைஃப்ளெக்ஸில் போடுவது 120 பிலிம். ஒரு ரோலுக்கு 12 படம், ஒவ்வொன்றும் 6 சென்டிமீட்டர் சதுரம். மையர் கறுப்பு வெள்ளைக்கு டிரை-எக்ஸ் என்ற பிலிமைப் பயன்படுத்தினார். இந்த ரோலில் கேசட் எதுவும் இல்லை. பிலிமும் அதைவிட நீளமான ஒரு காகிதமும் சேர்ந்து ஒரு ஸ்பூலில் சுற்றியிருக்கும். இருட்டில் ஒட்டுத்தாளைக் கிழித்து, காகிதத்தைப் பிரித்துக்கொண்டே வந்தால் நடுவில் வழவழப்பான பிலிம் விரலில் தட்டும். அதை வளையாமல், உள்பக்கத்தைத் தொடாமல், பிலிமைச் சுற்றி வைக்கும் ரீலின் பள்ளத்தில் செலுத்த வேண்டும். ஒரு இடத்தில் பள்ளம் தாண்டினால் இரண்டு சுற்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டின இடத்தில் மருந்து போகாது, அங்கே படமும் வராது. கண்ணுக்கு வேலையே இல்லாத இந்த மூன்று நான்கு நிமிடம்தான் புதிதாகக் கற்பவர்களைப் பயமுறுத்துவது. கை பழகிவிட்டால் பேசிக்கொண்டே செய்யலாம்.

ரீலை வெளிச்சம் புகாத டேங்கில் வைத்து மூடிவிட்டால் விளக்கைப் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் சமையல் மாதிரிதான், அளவும் நேரமும் சூடும். படத்தை வெளிக்கொண்டுவரும் டெவலப்பரை ஊற்றி நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டுவது, அதை நிறுத்தும் அமிலக் கரைசல், பிறகு படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போ, கடைசியில் தண்ணீரில் கழுவல். 1927இல் கோடாக் கொண்டுவந்த டி-76தான் அந்தக் காலத்து வீட்டு இருட்டறைகளில் மிகவும் பழகிப்போன டெவலப்பர். சம அளவு தண்ணீர் கலந்து 20 டிகிரியில் ஊற்றினால் டிரை-எக்ஸுக்குப் பத்து நிமிடம் பக்கம் ஆகும். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம்.

இதில் சூடுதான் ஊருக்கு ஊர் மாறும் தலைவலி. சிகாகோ குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் விறைக்க வைக்கும். வெந்நீர் கலந்து மேலே கொண்டுவர வேண்டும். நம் ஊரில் தலைகீழ். மே மாதம் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் கை வைத்தாலே சுடும். அந்தச் சூட்டில் டெவலப்பர் பாய்ந்து வேலை செய்யும். நேரத்தைக் குறைத்துக்கொண்டே போய் நாலைந்து நிமிடத்துக்குக் கீழே வந்தால் வானம் திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் ஒரு பேசினில் ஐஸ் போட்டு, எல்லாப் பாட்டில்களையும் அதில் நிறுத்தி, தெர்மாமீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். டெவலப்பரை மட்டும் குளிரவைத்துவிட்டுக் கழுவும் தண்ணீரைச் சூடாக விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அது தவறு. ஊறிப்போன ஜெலட்டின் திடீர்ச் சூட்டில் சுருங்கி வலை போட்ட மாதிரி வெடிக்கும்.

ஈரமான நெகட்டிவில் தெரிவது

டேங்கைத் திறந்து ரீலிலிருந்து பிலிமை உருவி, வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிற அந்த நிமிடத்தில்தான் படமெடுப்பவர் தன் தவறுகளைச் சந்திக்கிறார். நிழல் பகுதி வெறும் கண்ணாடியாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. வெள்ளைச் சட்டை தார் பூசியதுபோலக் கறுத்திருந்தால் டெவலப்பரில் அதிக நேரம் விட்டாயிற்று. பன்னிரண்டு படமும் ஒரே வரிசையில் தொங்குவதால், எந்த மூலையில் நின்று எதை எதிர்பார்த்து எப்போது அமுக்கினோம் என்பதும் வரிசையாகத் தெரியும். அடுத்த ரோலை எடுக்கும்போது கை தானாகவே திருத்திக்கொள்ளும்.

மையரின் 1950, 60களின் வேலையில் இந்தத் திருத்தம் எனக்குத் தெரிகிறது. ஒரு காட்சிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் அமுக்கியிருக்கிறார். தெருவில், நகரும் மனிதர்களை, இடுப்பளவில் வைத்துக் குனிந்து பார்க்கிற கேமராவில், இடவலம் மாறித் தெரியும் கண்ணாடியில். அந்த ஒன்றிலேயே வெளிச்சமும் கட்டமைப்பும் சரியாக விழுந்திருக்கின்றன. கண்ணாடிகளிலும் கடை ஜன்னல்களிலும் தன்னையே எடுத்த படங்களில், பிரதிபலிப்பின் வெளிச்சமும் பின்னணியின் வெளிச்சமும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கின்றன. பிறவித் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த மாதிரி உறுதி, எடுத்ததைத் திரும்பத் திரும்பப் பார்த்தவருக்கு வருவது. ரோலுக்கு ரோல் தன் நெகட்டிவைத் தானே கையில் பிடித்த ஆண்டுகள் அவை.

"அவர் தன் படங்களைப் பார்க்கவே விரும்பவில்லை" என்று சொல்லுகிறவர்கள் பிரிண்ட்களைக் கணக்கில் எடுப்பதில்லை. மூவாயிரத்துக்கு மேல் பிரிண்ட் வைத்திருந்தவர் பார்க்க விரும்பாதவர் இல்லை. அந்தப் பிரிண்ட்களில் சிலவற்றில் சதுர நெகட்டிவின் ஒரு பக்கத்தை வெட்டி, நின்ற வாக்கில் படத்தை மாற்றியிருக்கிறார். எங்கே வெட்டுவது என்று யோசித்திருக்கிறார் என்பதுதானே அதற்கு அர்த்தம். பிரான்ஸில், தன் தாய்வழி ஊர்ப் பக்கத்துப் படக்கடைக்காரர் ஒருவரிடம் தன் படங்களைப் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி, காகிதம் எந்த வகையில் இருக்க வேண்டும் என்பதுவரை சொல்லி எழுதிய கடிதமும் கிடைத்திருக்கிறது. மலூஃப் சார்லி சிஸ்கெலோடு சேர்ந்து 2013இல் எடுத்த ஆவணப்படத்தில் அது வருகிறது. அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தன் படத்தை அனுப்பி நல்ல பிரிண்ட் வாங்க நினைத்த ஒரு பெண்ணை, தன் வேலையின் மேல் அக்கறை இல்லாத ரகசியக்காரி என்று எப்படிச் சொல்வது?

அறை போனது

1970களின் தொடக்கத்தில் பையன்கள் வளர்ந்துவிட்டார்கள். ஹைலண்ட் பார்க் வேலை முடிந்தது. அதோடு குளியலறையும் போனது. மையர் வீட்டில் பிலிம் கழுவுவது நின்றது அப்போதுதான். கழுவாத ரோல்கள் சேரத் தொடங்கியதும் அப்போதுதான். இந்த இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு வீடு வீடாக மாறினார். சில மாதம் இங்கே, சில ஆண்டு அங்கே. போகும் இடத்தில் தன் அறைக்குப் பூட்டு கேட்டிருக்கிறார். 1980களில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேரும்போது, தன் வாழ்க்கை பெட்டிகளில் இருக்கிறது, அதோடுதான் வருவேன் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். சரி என்று சொன்னவர்கள் வீட்டுக்கு ஏறக்குறைய 200 பெட்டிகள் வந்து இறங்கின. ஆயாவுக்கு ஓர் அறை கொடுப்பார்கள், கார் நிறுத்தும் கொட்டகையில் பெட்டி வைக்கவும் விடுவார்கள். வீட்டின் ஒரு குளியலறையை ஹைப்போ வாடையோடு விட்டுக்கொடுப்பது வேறு சங்கதி. வேலைக்காரர் என்ற இடத்திலிருந்து அதைக் கேட்கவும் முடியாது.

கடையில் கொடுத்துக் கழுவியிருக்கலாமே என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். சிகாகோவில் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீட்டில் கழுவினால் ஒரு ரோலுக்கு ஆகும் மருந்துச் செலவு சில்லறை. கடையில் அது ஒவ்வொரு ரோலுக்கும் தனிக்கூலி, அதோடு பிரிண்டும் போட்டால் இன்னும் மேலே. ஆயா சம்பளத்தில் பிலிம் வாங்கவும் கழுவவும் இரண்டுக்கும் போதாது என்றால், எதை முதலில் வாங்குவார்? படம் எடுக்கத் துடிக்கிற யாரும் பிலிமைத்தான் வாங்குவார்கள். தெரு இன்றைக்கு விட்டால் போய்விடும், ரோல் பெட்டியில் காத்திருக்கும். நாளைக்குக் கழுவிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தால் இருபது வருடத்தில் பெட்டி நிறைந்துவிடும்.

அப்படி நிறைந்த பிறகு பிடிக்கவும் முடியாது. 2,000 ரோலை வீட்டில் கழுவுவது என்றால், இரண்டு ரீல் டேங்கில் ஒரு தடவைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் 1,000 மணி நேரம். தினமும் ஒரு தடவை என்று போனால் ஏறத்தாழ மூன்று வருடம். அதுவும் குளியலறை இருந்தால்.

பழைய செய்தித்தாள்களைக் குவித்து வைத்த பழக்கத்தைக் காட்டி, எதையும் முடிக்காமல் சேர்க்கும் சுபாவம் என்று விளக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சுபாவம் அவரிடம் இருந்தது உண்மை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் ஹைலண்ட் பார்க்கிலேயே ரோல்கள் தேங்கியிருக்க வேண்டும். அங்கே கழுவினார்.

கலருக்கு மாறியதும் இதோடு சேர்ந்ததுதான்

1970களில் மையர் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் கேமராவுக்கும் எக்டாக்ரோம் கலர் ஸ்லைடு பிலிமுக்கும் மாறினார். லைக்கா, ஜெர்மன் எஸ்எல்ஆர் கேமராக்கள். ரசனை மாற்றம் என்று இதைச் சொல்வது வழக்கம். இருக்கலாம். ஆனால் இருட்டறை இழந்தவர் கண்ணால் பார்த்தால் ஸ்லைடில் ஒரு பெரிய வசதி உண்டு. கடையில் கழுவி வந்ததும் அதுவே முடிந்த படம். பிரிண்ட் போட வேண்டாம், படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜர் வேண்டாம், ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் போதும். ஒரே கூலியில் படம் கையில். இருட்டறை இல்லாதவர் எடுக்கக்கூடிய புத்திசாலித்தனமான முடிவு இது.

எக்டாக்ரோமைக் குளியலறையில் கழுவவே முடியாது என்றில்லை. ஆனால் அந்தக் காலத்து முறையைப் பார்த்தால் ஏன் யாரும் விரும்ப மாட்டார்கள் என்று புரியும். 1966இல் வந்த ஈ-4 முறையில் முதலில் ஜெலட்டினைக் கெட்டிப்படுத்த ஒரு கரைசல், அதைச் சமன்செய்ய இன்னொன்று, பிறகு முதல் டெவலப்பர், பிறகு நெகட்டிவை நேர்ப்படமாக மாற்ற நச்சு மிக்க ஒரு மருந்து கலந்த கலர் டெவலப்பர், ப்ளீச், ஹைப்போ என்று நீளும். இத்தனையும் 29 டிகிரி சூட்டில். 1976இல் வந்த ஈ-6 படிகளைக் குறைத்தது. ஆனால் சூட்டை 38 டிகிரிக்கு ஏற்றி, முதல் டெவலப்பரில் கால் டிகிரி பிசகினாலே நிறம் சாயும்படி வைத்தது. கறுப்பு வெள்ளையில் ஒரு டிகிரி கூடக்குறைய இருந்தால் பிரிண்ட் போடும்போது சரிக்கட்டலாம். ஸ்லைடில் சரிக்கட்ட அடுத்த படியே இல்லை.

அந்தக் கலர் ரோல்களிலும் ஏறத்தாழ 700 கழுவாமல் கிடந்தது. ஒரே ஒரு கடைக்கூலிகூடப் பல சமயம் கைக்கு எட்டவில்லை என்பதன் சாட்சியாகத்தான் எனக்கு அது படுகிறது.

கழுவாமல் விட்டவர்களில் மிகப் பிரபலமானவர் அமெரிக்கத் தெருப் படக்காரர் கேரி வினோகிராண்ட். 1984இல் அவர் இறந்தபோது 2,500 ரோல் கழுவாமல் இருந்தது. கழுவி, ஒரு ரோலின் எல்லாப் படங்களையும் ஒரே தாளில் காட்டும் காண்டாக்ட் ஷீட் போடாமல் விட்டது இன்னும் பல ஆயிரம் ரோல். மையரோடு அவரை ஒப்பிடுவது சகஜம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வினோகிராண்ட் தெரிந்தே தள்ளிப்போட்டார். எடுத்த கணத்தின் உணர்ச்சி ஆறின பிறகு பார்த்தால்தான் படத்தைப் படமாகப் பார்க்க முடியும் என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பெரிய அருங்காட்சியகத்தின் ஆதரவும் உதவி செய்ய ஆட்களும் அவருக்கு இருந்தார்கள். வேண்டும் என்றபோது இருட்டறைக் கதவு அவருக்குத் திறக்கும். அந்தக் கதவே மையருக்கு இல்லாமல் போனது.

சுருளுக்குள் நடப்பது

படம் எடுத்தவுடன் பிலிமில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சம் பட்ட வெள்ளி உப்புத் துகளில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஓரிடத்தில் சேர்ந்திருக்கும், அவ்வளவுதான். அந்தச் சிறு கூட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் டெவலப்பர் முழுத் துகளையும் உலோக வெள்ளியாக மாற்றுகிறது. பெருக்கம் நூறு கோடி மடங்கு அளவில். அந்த நான்கைந்து அணுக்கள் காலப்போக்கில் நிலைக்குமா என்பதில்தான் கழுவாத ரோலின் தலையெழுத்து இருக்கிறது.

சூடும் ஈரமும் அந்த அணுக்களை மெல்ல அரித்துவிடும். அதனால் நிழல் பகுதியின் மங்கலான விவரங்கள் முதலில் போகும். இன்னொரு பக்கம், வெளிச்சமே படாத துகள்களும் சூட்டிலும் இயற்கைக் கதிர்வீச்சிலும் தாமாகவே கெட்டு, டெவலப்பரில் கறுக்கத் தொடங்கும். அதுதான் மூட்டம். படம் மங்க, மூட்டம் ஏற, இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு குறையும். குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் வேகம் கூடிய பிலிமில் இது இன்னும் சீக்கிரம். 120 ரோலில் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. பின்காகிதத்தில் அச்சடித்த எண்களின் மை ஈரத்தில் பிலிமோடு ஒட்டி, வானத்தின் நடுவே "5" என்றோ "6" என்றோ படத்தில் தெரியும்.

மையரின் ரோல்களுக்கு ஒரு விதத்தில் அதிர்ஷ்டம். சிகாகோவின் நீண்ட குளிர்காலம் கிடங்குப் பெட்டிகளுக்கு வருடத்தில் பாதி நாள் குளிர்பெட்டி மாதிரி. நம் ஊர் அலமாரியில், கடற்கரைக் காற்றில் அதே ரோல் 30 வருடம் கிடந்திருந்தால் பூஞ்சைதான் முதலில் படம் வரைந்திருக்கும்.

கழுவுபவர் யார்?

இப்படிப்பட்ட பழைய ரோலை வீட்டில் கழுவுவதற்கு என்று ஒரு முறை உண்டு. ஒரே காலத்து ரோல்கள் பல இருந்தால் ஒன்றைச் சோதனைக்கு ஒதுக்க வேண்டும். ஒரே ஒரு 35 மில்லிமீட்டர் ரோல்தான் என்றால் முனையில் ஒரு துண்டு வெட்டிப் பார்க்க வேண்டும். டெவலப்பர் வீரியமானதாகவும் நேரம் குறைவாகவும் இருந்தால் மூட்டம் எழும்புவதற்குள் படம் எழும்பிவிடும். எச்.சி.-110 என்ற டெவலப்பர் இதற்குப் பேர்போனது. பொட்டாசியம் புரோமைடு அல்லது பென்சோட்ரையசோல் கொஞ்சம் சேர்த்தால் மூட்டம் இன்னும் அடங்கும். ஈ-4 ரோலை ஈ-6 மருந்தில் போடவே கூடாது. 38 டிகிரி சூட்டில் அதன் ஜெலட்டின் கழன்று வந்துவிடும். அந்த மாதிரி ரோலைக் கறுப்பு வெள்ளையாகத்தான் மீட்க முடியும். நிறம் போனது போனதுதான். 30 வருடம் இறுகச் சுற்றியிருந்த பிலிம் ரீலில் ஏற மறுக்கும். அவசரப்படாமல், இருட்டிலேயே எதிர்ப்பக்கம் தளர்வாகச் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு ஏற்றுவது நல்லது.

இதையெல்லாம் படித்தால் ஒன்று புலப்படும். எந்த டெவலப்பர், எத்தனை நிமிடம், எவ்வளவு சூடு என்பது ஒவ்வொன்றும் படத்தின் முகத்தை மாற்றுகிற முடிவு. நேரம் கூடினால் கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள முரண் கூடும், வெயில் இன்னும் சுள்ளென்று அடிக்கும். குறைத்தால் எல்லாம் சாம்பலாக இறங்கும். ஹைலண்ட் பார்க்கில் அந்த முடிவுகளை மையரே எடுத்தார். இறந்த பிறகு கழுவிய ரோல்களில் வேறு யாரோ எடுக்கிறார்கள். அதற்கு மேல் எந்தப் படத்தைத் தேர்ந்தெடுப்பது, சதுரமாகவே விடுவதா, எவ்வளவு பெரிதாகப் போடுவது என்ற முடிவுகளும் அவருடையவை இல்லை. காட்சிக்கூடங்களில் தொங்குவது பெரும்பாலும் முழுச் சதுரமாகப் புதிதாகப் போட்ட பிரிண்ட்கள். தன் கையால் ஓரம் வெட்டியவரின் படங்கள் அவை.

அதற்காகக் கழுவாமலே விட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். கழுவாத ரோல் அப்படியே பத்திரமாக இருந்துவிடாது, அழிந்துகொண்டே இருக்கும். தள்ளிப்போடும் ஒவ்வொரு ஆண்டும் நிழல் விவரங்களைத் தின்கிறது. அவர் பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் பல வருடம் வீட்டுக்கு வீடு இழுத்துக்கொண்டு போனதும், வாடகை கொடுத்துக் கிடங்கில் வைத்ததும், அந்த ரோல்கள் அவருக்கு வேண்டியவையாக இருந்ததைத்தான் காட்டுகின்றன. வேண்டாத ரோலை அழிப்பது மிகச் சுலபம். ஜன்னல் ஓரத்தில் இழுத்துப் பிரித்தால் போதும். அப்படிச் செய்யாமல் இத்தனை ரோலையும் காத்து வைத்தவருக்கு, கழுவுவதுதான் நாம் செய்யக்கூடிய மரியாதை.

சட்டப்படி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் எழுந்தது. நெகட்டிவை வாங்கியவருக்குப் பதிப்புரிமை தானாக வந்துவிடாது. மையருக்குப் பிள்ளைகள் இல்லை, உயிலும் இல்லை. 2014இல் சிகாகோ அடங்கிய குக் கவுண்டி மாவட்டத்தின் நிர்வாகம் அவருடைய சொத்தின் பொறுப்பை எடுத்தது. 2016இல் மலூஃபோடு சமரசம் ஆனது. படங்களை வெளியிடுவதற்கு அது ஒரு வழி செய்தது. ஆனால் எந்தப் படத்தில் எவ்வளவு மையர் இருக்கிறார் என்ற கேள்வி நீதிமன்றத்தில் தீர்வது இல்லை.

அதற்கு இருட்டறைக்காரர்கள் செய்யக்கூடிய எளிய வேலை ஒன்று உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே, எடுத்த ஆண்டோடு இன்னும் இரண்டு வரி சேர்க்க வேண்டும்: பிலிம் கழுவியது மையரா, பிறகு வந்தவர்களா, எந்த மருந்தில், எந்த ஆண்டில், பிரிண்ட் அவர் காலத்ததா, புதியதா, வெட்டியதா, வெட்டாததா. புதிதாகக் கழுவிய ரோல்களுக்கு இந்த விவரம் கழுவியவர்களின் குறிப்பேட்டிலேயே இருக்கும். குளியலறைக் காலத்து நெகட்டிவ்கள் தனியாக, பெட்டிக் காலத்து நெகட்டிவ்கள் தனியாகத் தொங்கினால், 1962இல் ஒரு சனிக்கிழமை மாலை அவர் ஈரத்தோடு தூக்கிப் பார்த்த படம் எது, கடைசிவரை அவர் பார்க்காமலே போன படம் எது என்று பார்க்கிறவருக்குத் தெரியும்.